படிகத்தால் ஒளியை வடித்தல்



சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணருகே பிடித்து உலகைப் பார்த்து மகிழாத பிள்ளை இராது. அக்கண்ணாடி சிவப்பு ஒளியை விட்டுவிட்டு மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. ஒளி வடிகட்டிகளுள் எளியது இதுவே. ஆனால் அதன் வடிப்பு மிகவும் பரும்படியானது. சிவப்பு என்னும் ஒரு சொல்லுக்குள் நூற்றுக்கணக்கான ஆங்ஸ்ட்ரம் அகலத்திற்கு அலைநீளங்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அதுவே ஓர் ஆங்ஸ்ட்ரம்.

சூரியனை ஆராய்வோருக்கு அப்பெருங்கூட்டத்தில் 6563 ஆங்ஸ்ட்ரம் அலைநீளமுள்ள ஹைட்ரஜன் ஒளி மட்டுமே வேண்டியிருக்கிறது. அதுவும் ஏறத்தாழ அரை ஆங்ஸ்ட்ரம் அகலத்திற்குள் அடங்கியதாக வேண்டும். அவ்வொளியில் நோக்கினால்தான் சூரியனின் மேலடுக்கில் எழும் தழற்கொழுந்துகள் புலப்படும். பிற ஒளி கலந்தால் அவை பேரொளி வெள்ளத்தில் மறைந்துபோகும். சாயம் ஏற்றிய கண்ணாடி எதனாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. படிகங்களால் முடியும்.

ஒளி ஓர் அலை. சாதாரண ஒளியில் அதிர்வுகள் செல்லும் வழிக்குக் குறுக்காக எல்லாத் திசைகளிலும் நிகழ்கின்றன. போலராய்டுத் தகடு ஒன்றின் வழியே அதனைச் செலுத்தினால், ஒரே தளத்தில் அதிரும் ஒளி மட்டும் வெளிவரும். இதனைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். இரண்டாவது தகடு ஒன்றை முதல் தகட்டிற்கு இணையாகப் பிடித்தால் அவ்வொளி கடந்து செல்லும். 90 பாகை திருப்பிப் பிடித்தால் இருள்தான்.

1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அராகோ ஒரு விந்தையைக் கண்டார். அச்சுக்குச் செங்குத்தாக அறுத்த குவார்ட்ஸ் படிகத்தின் வழியே செல்லும்போது, ஒளியின் அதிர்வுத் தளம் திருகாணி போலத் திரும்பிவிடுகிறது! அவர் நாட்டவரான பியோ இதனை அளந்து ஒழுங்குபடுத்தினார். தடிப்பு இருமடங்கானால் திருப்பமும் இருமடங்காகும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் திரும்புகிறது என்பது. ஒரு மில்லிமீட்டர் குவார்ட்ஸ், சோடிய விளக்கின் மஞ்சளை 21.7 பாகை திருப்பும். ஹைட்ரஜன் சிவப்பை ஏறத்தாழ 17 பாகையும், பாதரச விளக்கின் நீல ஊதாவை 41 பாகைக்குச் சற்று மேலும் திருப்பும்.

வடிகட்டி செய்யும் சூத்திரம் இதிலேயே இருக்கிறது. இணையாக வைத்த இரு போலராய்டுகளுக்கு இடையே 3.75 மில்லிமீட்டர் தடிப்புள்ள குவார்ட்ஸை வையுங்கள். பசுமை கலந்த மஞ்சள் ஒளி சரியாக 90 பாகை திரும்பித் தடைப்பட்டுப்போகும். எஞ்சிய சிவப்பும் நீலமும் கலந்து கருஞ்சிவப்பான ஊதாவாகத் தோன்றும். தளம் இம்மியளவு திரும்பினாலும் இந்நிறம் மாறிவிடுவதால், சர்க்கரைக் கரைசலின் செறிவை அளக்கும் கருவிகளில் இதனைப் பயன்படுத்தினர்.

தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் நிறமாலையில் ஒளிப்பட்டைகள் நெருங்கி மெலியும். அப்படியானால் ஓர் ஆங்ஸ்ட்ரத்திற்கு ஒரு பட்டை விழும்படி செய்ய எவ்வளவு குவார்ட்ஸ் வேண்டும்? ஹைட்ரஜன் சிவப்பின் அருகே அலைநீளம் ஓர் ஆங்ஸ்ட்ரம் மாறினால், மில்லிமீட்டருக்கு 0.0054 பாகைதான் திருப்பம் மாறும். அடுத்தடுத்த இரு பட்டைகளுக்கு இடையே 180 பாகை வேறுபாடு வேண்டும். வகுத்துப் பாருங்கள்: முப்பத்து மூன்று மீட்டருக்கு மேல் வருகிறது! அவ்வளவு நீளக் குவார்ட்ஸுக்கு எங்கே போவது?

இங்கேதான் வழியை மாற்ற வேண்டியிருந்தது. என் வகுப்பில் குவார்ட்ஸ் தகடு கிடைக்காத குறைக்கு, இரு போலராய்டுகளுக்கு இடையே செலொபேன் தாளை மடித்து வைத்துக் காட்டுவேன். மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். பிள்ளைகள் தாளைத் திருப்பித் தரவே மனமின்றி இருப்பார்கள். அங்கு நிறம் தருவது முன் சொன்ன திருப்பம் அன்று, இரட்டை விலகல். ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று முந்த ஒன்று பிந்துகிறது. பின்னடைவு முழு அலைகளாக இருந்தால் ஒளி பழைய தளத்திலேயே வெளிப்பட்டுக் கடந்துவிடும். அரை அலை மிகுந்தால், 45 பாகைச் சாய்வில் வைத்த படிகத்தில், அதிர்வுத் தளம் 90 பாகை மாறித் தடைப்படும்.

பிரெஞ்சு வானியலார் பெர்னார் லியோ 1933இல் இதனையே அடிப்படையாகக் கொண்டு வடிகட்டி ஒன்றை வகுத்தார். சுவீடனில் ஓமன் தாமாகவே இக்கருத்தை எட்டி 1938இல் ஒன்றைச் செய்து காட்டினார். அச்சுக்கு இணையாக அறுத்த குவார்ட்ஸானால், நம் கணக்கிற்கு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் போதும். கால்சைட்டின் இரட்டை விலகல் அதனினும் பன்மடங்கு மிகுதி. ஆகவே இரண்டரை சென்டிமீட்டரே போதும். முப்பத்து மூன்று மீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

ஆயினும் ஒரு தகடு மட்டும் பயன்படாது. அது ஆங்ஸ்ட்ரத்திற்கு ஒன்றாக எண்ணற்ற பட்டைகளை விடும். நமக்கு வேண்டியது ஒன்று. எனவே பாதித் தடிப்புள்ள இரண்டாம் தகடு ஒன்றைச் சேர்த்தார் லியோ. அது இரண்டு ஆங்ஸ்ட்ரத்திற்கு ஒன்றாக விடுவதால், ஒன்றுவிட்டு ஒரு பட்டை மறைகிறது. அதிலும் பாதியான மூன்றாவது தகடு எஞ்சியவற்றுள் மீண்டும் பாதியை நீக்குகிறது. தடித்த தகடு கூர்மை தருகிறது. மெல்லியவை களை எடுக்கின்றன. எட்டுத் தகடுகளில் பட்டைகளின் இடைவெளி 128 ஆங்ஸ்ட்ரமாக விரிந்துவிடும். அதன்பின் நிறம் பிரிக்கும் சாதாரண வடிகட்டி ஒன்றே மற்றவற்றைத் தள்ளிவிடும். கிடைக்கும் பட்டையின் அகலம் அரை ஆங்ஸ்ட்ரத்திற்கும் குறைவு.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. தடித்த தகட்டில் பின்னடைவு 6563 முழு அலைகள். வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே பட்டை ஏறத்தாழ அரை ஆங்ஸ்ட்ரம் நகர்ந்து, வேண்டிய ஒளியை விட்டு விலகிவிடும். ஆகவே முழுக் கருவியையும் ஒரு வெப்பப் பெட்டியில் அடைத்து, பாகையின் நூற்றிலொரு பங்குக்கு மேல் மாறாமல் காக்கிறார்கள். ஒன்பது போலராய்டுகளும் ஆளுக்குக் கொஞ்சம் ஒளியைத் தின்பது மற்றொரு குறை. 1950களில் செக் நாட்டு இவான் ஷோல்ட்ஸ், ஒரே தடிப்புள்ள தகடுகள் பலவற்றை இடமும் வலமும் சிறிது சிறிது சாய்த்து அடுக்கி, இருமுனையிலும் இரண்டே போலராய்டுகளால் அக்குறையைத் தீர்த்தார். எனக்கு அவருடைய அமைப்பே அழகானதாகப் படுகிறது.

கிரகணத்திற்குக் காத்திராமல் சூரியனைக் காண வழி செய்த லியோ, 1952இல் சூடானில் ஒரு கிரகணத்தைக் கண்டு திரும்பும் வழியில் உயிர் நீத்தார்.

நம் கோடைக்கானல் வானாய்வகத்தில் முற்காலத்தில் ஹைட்ரஜன் ஒளியில் சூரியனைப் படமெடுக்க, மெல்லிய பிளவு ஒன்றைச் சூரிய பிம்பத்தின் குறுக்கே நகர்த்திக் கீற்றுக் கீற்றாகப் பதிவு செய்தார்கள். 2014இல் அங்கு நிறுவிய தொலைநோக்கியில் 0.4 ஆங்ஸ்ட்ரம் அகலமுள்ள லியோ வடிகட்டி இருக்கிறது. முழுச் சூரியனும் ஒரே கணத்தில் படத்தில் விழுகிறது.