மதுரைக்கு லோரா வந்தா, முதல்ல எந்த மீட்டருக்கு?

ஈபி ரீடிங் எடுக்கறவர் ஒரு வாரம் லேட்டா வந்தா வீட்ல என்ன பதற்றம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிட்டா, கீழ் ஸ்லாபோட ரேட்டும் சேர்ந்து ஏறிடும். மீட்டரே ரீடிங்கை அனுப்பிட்டா இந்தத் தொல்லை இல்ல. சரி, எந்த ரேடியோவுல அனுப்பறது?

லோரான்னு ஒண்ணு இருக்கு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல பக்கத்துல நின்னு பேசினாலே கேக்காது. ஆனா கீழ இருந்து மேல இழுத்து ஒரு விசில் அடிங்க, தெருமுனையில நிக்கறவன் திரும்பிப் பார்ப்பான். லோரா சிக்னலும் அப்படித்தான். இரைச்சலுக்கு அடியில கிடந்தாலும் ரிசீவர் கண்டுபிடிச்சிடும். இந்தியாவுல 865–867 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. லைசென்ஸ் வேண்டாம், மீட்டருக்கு மீட்டர் சிம்மும் வேண்டாம். ஆனா படு ஸ்லோ. தூரம் அதிகமானா பத்துப் பைட் அனுப்பவே ஒரு செகண்ட் ஆகும்.

ஈபி மீட்டருக்கு இது அவ்வளவா பொருந்தாதுன்னுதான் எனக்குத் தோணுது. அதுக்குக் கரண்ட் கையிலேயே இருக்கு, பேட்டரிக் கவலை இல்ல. ப்ரீபெய்டு ஆச்சுன்னா கட் பண்ணவும் திரும்பக் குடுக்கவும் ஆர்டர் உடனே போய்ச் சேரணும். லோராவுல மீட்டர்ல இருந்து தகவல் வர்றது சுலபம், மீட்டருக்குப் போறதுதான் கஷ்டம். இங்க ஸ்மார்ட் மின் மீட்டர்கள் பெரும்பாலும் மொபைல் நெட்வொர்க், இல்லன்னா ஆர்எஃப் மெஷ்ல ஓடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணி மீட்டர் கதையே வேற. வாசல்ல குழிக்குள்ள, மூடிக்கு அடியில கிடக்கு. கரண்ட் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு எண் சொன்னாப் போதும். ஒரு பேட்டரி பத்து வருஷம்கூடத் தாங்கும். மதுரை சமவெளி வேற. ஆனைமலை, திருப்பரங்குன்றம் மாதிரி சில குன்றுகளை விட்டா பெரிய மறைப்பு இல்ல. ஓவர்ஹெட் டேங்க் மேல கேட்வே வெச்சா, ஒத்தக்கடை வயல்வெளிப் பக்கம் பல கிலோமீட்டர் எட்டும். மாசி வீதி நெருக்கத்துல, அதுவும் குழி மீட்டர்னா, ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கிடைச்சாலே பெருசு.

லோயர் கேம்ப்ல இருந்து நாளுக்கு 125 மில்லியன் லிட்டர் முல்லைப்பெரியாறு தண்ணியை மதுரைக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டாங்க. அவ்ளோ தூரம் வர்ற தண்ணி எந்தத் தெருவுல மண்ணுக்குள்ள போகுது? தெருவுக்குள்ள போன அளவுல இருந்து வீட்டு மீட்டர்கள் காட்டறதைக் கழிச்சாத்தான் தெரியும்.

ஒரு சிக்கல் இருக்கு. விட்டு விட்டுத் தண்ணி வர்ற ஊர்ல, குழாய்ல இருக்கற காத்தும் மீட்டர் முள்ளைச் சுத்தும். லோரா அந்தத் தப்புக் கணக்கையும் ஒழுங்கா அனுப்பி வைக்கும். உங்க வார்டுல மீட்டர் மாட்ட வந்தா, ரேஞ்ச் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி, காத்தைக் கணக்குல சேர்க்குமான்னு கேளுங்க.