கூட்டு வரிக் கணக்கும் துணைவரின் வரிப் பாக்கியும்

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் ஆண்டு வருமான வரிக் கணக்கைச் சேர்ந்து ஒரே கணக்காகவும் கொடுக்கலாம், தனித்தனியாகவும் கொடுக்கலாம். சேர்ந்து கொடுத்தால் பெரும்பாலும் வரி குறையும். தனியாகக் கொடுப்போருக்குக் கிடைக்காத சில சலுகைகளும் கிடைக்கும். அதனால் பெரும்பாலான தம்பதிகள் யோசிக்காமலே கூட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், அந்த ஆண்டுக்கான மொத்த வரிக்கும் இருவருமே பொறுப்பு. ஆளுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. யாரிடம் வசூலிக்க முடிகிறதோ அவரிடம் முழுத் தொகையையும் வசூலிக்க ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித் துறைக்கு உரிமை உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 6013-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

இந்தியாவிலிருந்து போன ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். மனைவி மாதச் சம்பளக்காரர். அவருக்கான வரி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுவிடுகிறது. கணவர் வேலைக்கு வெளியே ஆலோசகராகச் சம்பாதித்த பணத்தைக் கணக்கில் காட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, பணம் கொடுத்த நிறுவனம் அனுப்பிய தகவலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஐ.ஆர்.எஸ். கூடுதல் வரி 9,000 டாலர் என்கிறது. அதன் மேல் 20 விழுக்காடு அபராதம் விதித்தால் 1,800 டாலர். வட்டி வேறு. அதற்குள் இருவரும் விவாகரத்தாகி, கணவர் நாடு திரும்பிவிட்டார். வரித் துறையின் கைக்கு எட்டுவது அந்தப் பெண்ணின் சம்பளம்தான். வரிப் பாக்கியைக் கணவரே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது வரித் துறையைக் கட்டுப்படுத்தாது. அந்தத் தீர்ப்பை வைத்து முன்னாள் கணவர் மீது வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

இந்தியாவில் கணவன் மனைவிக்குக் கூட்டு வரிக் கணக்கு என்ற ஏற்பாடே கிடையாது. அவரவர் பான் எண், அவரவர் கணக்கு. அங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு பழக்கமில்லாத ஒன்று. மனைவி வெளிநாட்டவராகத் தமிழ்நாட்டிலேயே இருந்தாலும், அவரையும் வரி நோக்கில் அமெரிக்கவாசியாகக் கருதும்படி கேட்டுக் கூட்டுக் கணக்குக் கொடுக்க வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் கோயம்புத்தூர் வீட்டு வாடகையும் ஊர் வங்கி வைப்பின் வட்டியும் அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடும். வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அமெரிக்காவிலும் காட்ட வேண்டாம் என்று நினைப்பது தவறு. அங்கே அது வரிக்கு உட்பட்ட வருமானமே. காட்டாமல் விட்டது பிடிபட்டால், அந்த வைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கணவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவிக்கு வாதாட இடம் உண்டு. இருவர் பெயரிலும் இருந்தால் எனக்குத் தெரியாது என்று சொல்வது மிகக் கடினம்.

அறியாமல் மாட்டிக்கொண்ட துணைவருக்கு விடுதலை தரும் சட்டம் முதன்முதலில் 1971-இல் வந்தது. அதன் நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் பலருக்குப் பயன்படவில்லை. 1998-இல் ஐ.ஆர்.எஸ். சீர்திருத்தச் சட்டம் அதை விரிவாக்கி 6015 என்ற புதிய பிரிவைத் தந்தது. அதில் மூன்று வழிகள் இருக்கின்றன. மனைவிக்கு உள்ளது கணவருக்கும் உண்டு.

முதல் வழி, எதுவும் தெரியாதவருக்கானது. குறைத்துக் காட்டிய வருமானமோ தவறான கழிவோ மற்றவருடையதாக இருக்க வேண்டும். கையெழுத்திட்டபோது அது தெரிந்திருக்கவும் கூடாது, தெரிந்திருக்க வேண்டிய சூழலும் இருந்திருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் தோற்கிறார்கள். காட்டிய வருமானத்துக்குப் பொருந்தாத காரும் வீடும் கண்முன்னே வந்து சேர்ந்திருந்தால், கேட்டிருக்க வேண்டாமா என்று அதிகாரி கேட்பார்.

இரண்டாவது வழி, பாக்கியைப் பிரித்துக்கொள்வது. விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்தவர், துணையை இழந்தவர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களும் ஒரே வீட்டில் வாழாதவர் ஆகியோருக்கு இது உரியது. கூடுதல் வரி 10,000 டாலரில் 7,000 கணவர் மறைத்த வருமானத்தாலும் 3,000 மனைவியின் தவறான கழிவாலும் வந்திருந்தால், மனைவி 3,000 கட்டினால் போதும். இங்கே தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி எழாது. அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்பதை வரித் துறைதான் நிரூபிக்க வேண்டும். பிரிந்து வாழும் ஒருவருக்கு முதல் வழியைவிட இது பெரும்பாலும் எளிது. ஆனால் ஏற்கெனவே கட்டிய பணம் இதில் திரும்பி வராது.

மூன்றாவது வழி நியாயத்தின் அடிப்படையில் தரப்படும் விடுதலை. முதல் இரண்டும் கணக்கில் குறைத்துக் காட்டியதற்கு மட்டுமே உதவும். வருமானத்தைச் சரியாகக் காட்டிவிட்டு, வரியை மட்டும் கட்டாமல் விட்ட பாக்கிக்கு மூன்றாவது வழி ஒன்றே இருக்கிறது. கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய கணவர் கட்டாமல் போனது போன்ற நிலைமைகள் இங்கேதான் வரும். திருமண நிலை, கட்டினால் அன்றாடச் செலவுக்கே தட்டுப்பாடு வருமா என்பது, விஷயம் தெரிந்திருந்ததா, மிச்சமான பணத்தால் பெரிய ஆதாயம் கிடைத்ததா, உடல் மன நலம் எப்படி, பிந்தைய ஆண்டுகளில் ஒழுங்காக வரி கட்டினாரா என்று பலவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 2013-இல் ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட நெறிமுறை, குடும்ப வன்முறைக்கும் பணத்தைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும் துணைவரின் போக்குக்கும் தனி எடை கொடுத்தது. தவறு தெரிந்தும், அடிக்குப் பயந்து கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டவருக்கு அந்தத் தெரிதல் பாதகமாக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் மிக மனிதத்தன்மையான பகுதி இதுதான். காவல்துறை அறிக்கை, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை, மருத்துவரின் குறிப்பு, உறவினர் தரும் கடிதம் எல்லாமே சான்றாகும். மிரட்டி வாங்கிய கையெழுத்தோ போலிக் கையெழுத்தோ என்றால் வாதமே வேறு. அது கூட்டுக் கணக்கே அல்ல என்று சொல்லலாம்.

மூன்று வழிக்கும் விண்ணப்பம் ஒன்றுதான், படிவம் 8857. முதல் இரண்டு வழிகளுக்கு, விண்ணப்பிப்பவர் மீது வரித் துறை முதல் வசூல் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் கெடு. வரி கட்டச் சொல்லி வரும் வெறும் பில் வசூல் நடவடிக்கை ஆகாது. ரீஃபண்டைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்வதும், சொத்தையோ சம்பளத்தையோ பறிமுதல் செய்யப்போவதாக வரும் அறிவிப்பும் ஆகும். மூன்றாவது வழிக்கும் இந்த 2 ஆண்டுக் கெடு இருந்தது. 2011-இல் ஐ.ஆர்.எஸ். அதைக் கைவிட்டது, 2019-இல் வந்த சட்டம் அதை உறுதி செய்தது. இப்போது பாக்கியை வசூலிக்கத் துறைக்குள்ள காலம் முடியும்வரை, பொதுவாக 10 ஆண்டுகள், விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பித்ததும் மற்றவருக்குத் துறை தகவல் அனுப்பும். இதைத் தவிர்க்க முடியாது. அடித்துத் துன்புறுத்தியவருக்கும் கடிதம் போகும். ஆனால் விண்ணப்பித்தவரின் இப்போதைய முகவரியையும் வேலையிடத்தையும் துறை அவருக்குச் சொல்லாது. விண்ணப்பத்தை மறுத்தால் 90 நாட்களுக்குள் வரி நீதிமன்றத்துக்குப் போகலாம். 6 மாதமாகியும் முடிவு வராவிட்டாலும் போகலாம்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு படிவம் 8379. கணவரின் பழைய கல்விக் கடனுக்கோ முந்தைய திருமணத்துப் பிள்ளைக்கான ஜீவனாம்சத்துக்கோ கூட்டு ரீஃபண்ட் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தன் பங்கைத் திரும்பக் கேட்கும் படிவம் அது.

இத்தனை விண்ணப்பங்களுக்கும் போகாமல் காப்பது கையெழுத்துக்கு முன் காட்டும் கவனம். ஆடிட்டர் மின்னணு முறையில் கணக்கு அனுப்பும் முன், படிவம் 8879-இல் இருவரின் ஒப்புதலும் வேண்டும். கையெழுத்துக்குப் பதிலாக மனைவி இட வேண்டிய 5 இலக்க எண்ணையும் கணவரே தட்டிவிடும் வீடுகள் பல. அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். மொத்த வருமானம், கட்ட வேண்டிய வரி, வெளிநாட்டு வங்கிக் கணக்கு பற்றிய கேள்விக்குத் தந்த பதில் ஆகிய மூன்றையாவது பார்க்காமல் ஒப்புதல் தரக் கூடாது. சந்தேகம் இருந்தால் தனிக் கணக்குக் கொடுப்பதே நல்லது, வரி கொஞ்சம் கூடினாலும் சரி. தனியாகக் கொடுத்ததைப் பொதுவாக 3 ஆண்டுக்குள் கூட்டாக மாற்றலாம். கூட்டாகக் கொடுத்ததைக் கெடு நாள் தாண்டிய பின் தனியாக மாற்ற முடியாது. டெக்சஸ், கலிஃபோர்னியா உட்பட 9 மாநிலங்களில் தம்பதியின் சம்பாத்தியம் பொதுச் சொத்து என்பதால், அங்கே தனிக் கணக்கு மட்டும் முழுப் பாதுகாப்பு தராது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். பழைய ஆண்டுகளில் என்ன காட்டப்பட்டது என்பதை ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பிரிந்து போகிறவர் படிவம் 8822 கொடுத்துத் தன் புதிய முகவரியைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், கெடு தெரியாமலே முடிந்துவிடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காகக் குறைந்த வருமானம் உள்ளோருக்கான வரி உதவி மையங்கள் அமெரிக்காவில் இயங்குகின்றன. பொதுவாக, பிரச்சினைக்குரிய தொகை ஆண்டுக்கு 50,000 டாலருக்குள் இருந்தால் அவை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்துக்கோ வாதாடித் தரும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு வரி உரிமைகளை விளக்கிச் சொல்வதும் அவற்றின் கடமைகளில் ஒன்று.