நீராவிக் குழாயைக் கவனிப்போம்

கேன்டீன் நடத்தும் நாம் எஸ்பிரஸோ மிஷினை மேலே பளபளன்னு துடைக்கிறோம். பால் நுரைக்கும் நீராவிக் குழாயையும் கவனிக்கணும். ஒவ்வொரு முறையும் பாலில் இருந்து எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்து, கீழ்நோக்கி 2 விநாடி ஆவியைத் திறந்து விடுவோம்.

ஏன்? ஆவியை நிறுத்தினதும் உள்ளே இருப்பது குளிர்ந்து தண்ணீராகிச் சுருங்கும். முனையில் உள்ள பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது காய்ந்தால் துளை அடைக்கும். கெட்டால் அடுத்தவர் காபியில் கலக்கும்.

அந்தத் துணியால் மேஜையைத் துடைக்க வேண்டாம். இரவு மிஷினை அணைத்து, ஆவி இறங்கி ஆறிய பிறகே முனையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் துளையைச் சுத்தம் செய்யணும். சூட்டோடு தொட்டால் கை வெந்துபோகும்.

மெக்கானிக்குக்குப் போகிற காசு நம் சேமிப்பில் சேரட்டும்!