விசுவாசத்தினால் மீட்பு என்பதன் பொருள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ரெட்டிபாளையத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உரையாற்றுமாறு எம்மைப் பணித்தபோது, கல்வியைப் பற்றியே பேசலாமென்று எண்ணியிருந்தோம். ஆனால் சில திங்களுக்கு முன்பு மாலை வகுப்பிலே இளைஞர் ஒருவர் கேட்ட வினா எம்மை விட்டு அகலவில்லை. "ஐயா, இயேசுவை விசுவாசித்தால் இரட்சிப்பு உண்டு என்கிறார்கள். நம் பாட்டன் காலத்திலேயே விசுவாசித்தோம். பின் ஏன் கோயிலிலும் நமக்கு ஓரம், கல்லறையிலும் நமக்கு ஓரம்?" என்று அவர் கேட்டார். அன்று எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கிறோம்.

நம் சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறித்தவர்களும் உளர். அரசுப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் மதப் பிரசாரம் செய்தலாகாது. அது எமது நோக்கமும் அன்று. ஒரு சொல்லின் பொருளை விளக்குவது ஆசிரியரின் தொழில். அந்தத் தொழிலையே இங்கும் செய்கிறோம்.

சொல்லின் பொருள்

விசுவாசம் என்னும் சொல் வடமொழி வழியாக வந்தது. புராட்டஸ்டண்டு சபையார் படிக்கும் வேதாகமத்தில் விசுவாசம், இரட்சிப்பு என்னும் சொற்களே வழங்குகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அவை நம்பிக்கை என்றும் மீட்பு என்றும் தூய தமிழாகியுள்ளன. பொருள் ஒன்றே.

ஆயினும் நம் மக்களுக்கு விசுவாசம் என்ற சொல்லில் ஒரு பழைய வடு உண்டு. பண்ணையாளாக இருந்த நம் முன்னோரிடம் ஆண்டை எதிர்பார்த்ததும் விசுவாசந்தான். அடித்தாலும் எதிர்த்துப் பேசாதவன், அரை வயிற்றுக் கூழுக்கு ஆயுள் முழுதும் உழைப்பவன், விசுவாசமுள்ள ஆள் எனப்பட்டான். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வேதத்தைப் படித்தால், கடவுளும் ஒரு பெரிய ஆண்டையாகவே தோன்றுவார். அது பிழை. வேதம் கூறும் விசுவாசத்தில் முதலில் உண்மையாக நடப்பவர் கடவுளே. அவர் தாமே நெருங்கி வருகிறார்; வாக்குக் கொடுக்கிறார்; அதைக் காக்கிறார். அந்த வாக்கின்மேல் தன் பாரம் முழுவதையும் இறக்கி வைத்துச் சாய்ந்துகொள்வதே மனிதனுடைய விசுவாசம். கிணற்றில் இறங்குகிறவன் வடத்தை நம்புவதுபோல என்று கூறலாம். வடம் உறுதியானது என்று வாயால் சொல்லிக்கொண்டு கரையிலேயே நிற்பவன் நம்பியவன் ஆகான்.

கூலியா, கொடையா?

ரெட்டிபாளையத்தில் வாழும் நமக்குக் கூலிக் கணக்கைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்டு ஆலையிலும் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் சம்பளம் என்பதை நன்கறிவோம். பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறார். உழைத்தவனுக்குக் கொடுப்பது கூலி; அது முதலாளி செலுத்த வேண்டிய கடன். மீட்போ கூலி அன்று, கொடை. அதை உழைத்துச் சம்பாதிக்க இயலாது, ஏற்றுக்கொள்ளவே இயலும். ஏற்றுக்கொள்ளும் திறந்த கையே விசுவாசம்.

இதனால் வரும் முடிவை உற்று நோக்குங்கள். மீட்புக்கு மனிதனுடைய தகுதி காரணமன்று என்றால், பிறப்பும் தகுதி ஆகாது. உயர்ந்த குலத்தில் பிறந்தவன் கடவுளுக்கு முன் எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவன் மறைத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. இருவரும் வெறுங்கையோடு ஒரே வாயிலில் நிற்கிறார்கள். விசுவாசத்தினால் மீட்பு என்னும் போதனை சாதியின் ஆணிவேரையே அறுக்கும் கோடரி என்று நாம் கருதுவது இதனாலேயே.

மீட்பு என்பது இறந்தபின் கிடைப்பது மட்டுமன்று. வரி வசூலிக்கும் சகேயு என்பவனின் வீட்டுக்கு இயேசு விருந்தினராகச் சென்றார். அவனோ தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று கூறினான். அன்றே அந்த வீட்டுக்கு மீட்பு வந்துவிட்டதாக இயேசு அறிவித்தார். மீட்பு வந்த வீட்டில் கணக்குப் புத்தகமும் திருந்துகிறது என்பது இதனால் விளங்கும்.

பந்தியில் எழுந்த வழக்கு

இந்தப் போதனை எங்கே, எந்தச் சந்தர்ப்பத்தில் உரைக்கப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அந்தியோகியா நகரத்துச் சபையில் யூதரும் யூதரல்லாதாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தனர். பேதுருவும் அப்படியே உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்கு அஞ்சிப் பேதுரு பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்ற யூதரும் விலகினர். பவுலடியார் பலர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். சட்டதிட்டங்களைக் கைக்கொள்வதால் அன்று, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமான் ஆகிறான் என்று அத்திருமுகத்தில் அவர் நிறுவுவது இந்த நிகழ்ச்சியைத் தொட்டுத்தான். யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்னும் வழக்கிலேயே அப்போதனை முழங்கிற்று. நம் நாட்டு மக்களுக்கு இதைவிட எளிதில் விளங்கும் வழக்கு வேறொன்று உண்டோ?

செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதினார். பவுலும் யாக்கோபும் முரண்படுகின்றனர் என்று சிலர் கூறுவர். யாக்கோபின் திருமுகத்திலும் 2ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பொன் மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தி வந்தவனுக்குக் காலடியில் தரையும் காட்டுகின்ற சபையையே அவர் அங்கே கடிந்துகொள்கிறார். பவுல் பந்தியைக் காட்டினார். யாக்கோபு இருக்கையைக் காட்டினார். விசுவாசத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல் இருவருக்கும் ஒன்றே.

நம் மண்ணில் நடந்த வாதம்

இந்த வாதம் எங்கோ தொலைதூரத்தில் மட்டும் நடந்ததன்று. 1517ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர், பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் விற்கப்படுவதை எதிர்த்து எழுந்தார். விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று போதித்தார். 1706ஆம் ஆண்டில் லூத்தரின் வழிவந்த சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது. அதே காலத்தில், இன்று நம் அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் தங்கித் தொண்டாற்றினார். திருக்காவலூர் என்று அவர் போற்றியது அவ்வூரையே. தரங்கம்பாடியாரை மறுத்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களை அவர் இயற்றினார். ஆக, ஐரோப்பாவைப் பிளந்த வாதம் கொள்ளிடத்தின் இரு புறத்திலும் தமிழிலேயே நடந்தேறியது.

பல நூற்றாண்டுகள் நீடித்த அந்த வாதத்தில் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியினால் அன்று, கடவுளின் அருளினாலேயே விசுவாசத்தின் வழியாக நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். அவ்வருளே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். வேர் விசுவாசம், கனி செயல். கனியை ஒட்டவைத்து மரத்தை உயிர்ப்பிக்க இயலாது. கனியே தராத மரம் உயிரோடிருப்பதாகவும் சொல்ல இயலாது.

இராசநாயக்கர்

தத்துவம் இவ்வாறிருக்க, நடைமுறை எப்படியிருந்தது? இளைஞர்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அது தஞ்சை இராசநாயக்கர் என்பதாகும். பறையர் குலத்தில் 1700ஆம் ஆண்டு பிறந்தவர், தஞ்சை அரசின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்கள் அவர் கைக்குக் கிட்டின. படிக்கத் தெரிந்தவராதலால் தாமே படித்தார். எழுத்தை ஒடுக்கப்பட்டோருக்கு மறுத்த காலத்தில், நம்மவர் ஒருவர் தாமே படித்துத் தம் விசுவாசத்தைத் தேர்ந்துகொண்டார். 1727ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்து, பின்னர்த் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக ஊர் ஊராகச் சென்று போதித்தார். எதிர்ப்புகளைத் தாங்கினார். 1771இல் மறையும்வரை ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் நிலைத்தார்.

1733ஆம் ஆண்டு தரங்கம்பாடி மிஷன், வேளாளர் குலத்தவரான ஆரோன் என்பவரைக் குருவாக அபிஷேகம் செய்தது. புராட்டஸ்டண்டு சபையில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதன்முறை. இராசநாயக்கரையும் குருவாக்கலாமா என்ற பேச்சு பின்னர் எழுந்தது. அவருடைய விசுவாசத்தில் குறை காணப்படவில்லை. உழைப்பிலும் குறை காணப்படவில்லை. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தை வாங்க உயர்சாதிக் கிறித்தவர் உடன்படமாட்டார் என்ற அச்சத்தினால் அது கைவிடப்பட்டது. அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று போதித்த சபை, அந்த விசுவாசத்தின் விருந்தைப் பரிமாறும் கைக்குச் சாதித் தகுதி பார்த்தது. அந்தியோகியாவில் பேதுரு அஞ்சினார். இங்கே சபை அஞ்சியது. அங்கே கண்டிக்க ஒரு பவுல் இருந்தார். இங்கே இல்லாது போனார். மாலை வகுப்பில் வினா எழுப்பிய இளைஞருக்கு நாம் கூறும் விடை இதுவே: நம் பாட்டன்மாரின் விசுவாசம் பொய்யாகவில்லை. அவர்களுக்கு ஓரம் காட்டியவர்களின் விசுவாசமே உரைகல்லில் தேறவில்லை.

அத்தவறு முழுவதும் மாறாமலே நின்றுவிட்டதென்றும் கூற வேண்டா. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து 1872இல் கட்டப்பட்ட கோயிலின் தடுப்புச் சுவர் 1910இல் அகற்றப்பட்டது. மீண்டும் அதைக் கேட்டு வழக்காடியோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியில் பயிற்றுவித்தவரும், நம் சமுதாயத்தில் பிறந்தவருமான தியோபிலஸ் அப்பாவு (1940–2005) பறையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். எல்லாரும் ஓர் உலையில் பொங்கி உண்பதே திருவிருந்தின் கருத்து என்று போதித்தார். அந்தியோகியாவின் பந்தி மதுரையில் மீண்டும் விரிக்கப்பட்டது என்றே சொல்லலாம்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, விசுவாசத்தையும் சான்றிதழையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கே வழங்கிற்று, பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறித்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உளர். 2007இல் அரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. ஞானஸ்நானம் சாதிக் கொடுமையை ஊரார் நெஞ்சிலிருந்து கழுவிவிடவில்லை. உரிமையை மட்டும் கழுவிவிட்டது. இதை மாற்றக் கோருவது விசுவாசக் குறைவு அன்று, நீதிக்கான கடமை. அதுபோலவே, உதவித்தொகைக்காக ஒருவன் உள்ளத்தில் நம்பாததை நம்புவதாகக் கூறுவதும், நம்புவதை மறைப்பதும் அவன் உள்ளத்தையே அரிக்கும். அந்த இக்கட்டில் பிள்ளைகளைத் தள்ளும் நிலை ஒழிய வேண்டும்.

இரண்டாவது, படியுங்கள். பிறர் சொல்லக் கேட்டு நம்புவதோடும், பிறர் சொல்லக் கேட்டு வெறுப்பதோடும் நின்றுவிடாதீர்கள். இராசநாயக்கர் தாமே படித்தார். நம் சங்கத்தின் படிப்பகம் இருப்பதும் அதற்காகவே.

மூன்றாவது கூறுவதற்குக் கடினமானது. உரைகல் பிறருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. நமக்குத் துணி வெளுத்துத் தந்த புதிரை வண்ணார் குடும்பங்களை நாம் எங்கே உட்கார வைத்தோம்? அருந்ததியர் வீட்டுத் திருமணத்தில் நம்மில் எத்தனை பேர் கை நனைத்தோம்? கோயிலில் நமக்குக் காட்டிய ஓரத்தை நினைத்துக் கொதிக்கிற நாம், நம் திண்ணையில் மற்றவருக்கு ஓரம் காட்டியதை நினைத்துத் தலைகுனிய வேண்டும். அந்த ஓரத்தை நீக்காதவரை, இந்துவானாலும் கிறித்தவரானாலும், நமது நம்பிக்கையும் செத்த நம்பிக்கையே.

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்விழா முடிவில் மதிய உணவு ஏற்பாடாகியுள்ளது. யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர், யார் எந்த வழிபாட்டினர் என்று பாராமல் ஒரே வரிசையில் இலை போடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அவர்களும் மகிழ்ந்து இசைந்துள்ளனர். பந்தியில் முதலில் நம்மைவிட எளியவர் அமரட்டும், இளைஞர்கள் பரிமாறட்டும். இராசநாயக்கரின் கைக்கு மறுக்கப்பட்ட பெருமை இன்று உங்கள் கைகளுக்குக் கிட்டுகிறது. விசுவாசம் என்றால் என்ன என்று இனி எவரேனும் கேட்டால், இந்தப் பந்தியைக் காட்டி விடை கூறுங்கள்.