பழைய பெயின்டைச் சுரண்டுமுன் ஒரு வார்த்தை

(தீபாவளிக்கு முன்னர் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)



கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும், கடைக்குப் போகணும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தோம்.

தீபாவளி, தைப்பொங்கல், கோயில் திருவிழா என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் நமது வழக்கம். நல்ல வழக்கம். முன்பு பழைய பெயின்டைக் கத்தியாலும் சாண்ட் பேப்பராலும் சுரண்டினோம். இப்போது கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கையோடு கிரைண்டரும் கொண்டு வருகிறார்கள். அதில் கம்பி பிரஷ்ஷையோ சாண்ட் பேப்பர் தட்டையோ மாட்டினால் மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடுகிறது. கதவும் புதுசு போல் ஆகிவிடுகிறது. பார்ப்பவர்களும், "அட, நம்ம கதவையும் கொஞ்சம் பிடிச்சுக் குடு தம்பி" என்கிறார்கள்.

கதவில் இருந்த பெயின்ட் எங்கே போனது என்று யாராவது யோசித்தோமா? அது மாவு போல் தூளாகி இஸ்தோப்பிலும், குசினியிலும், காயப்போட்ட துணியிலும், பக்கத்துக் காம்பராவிலும் படிந்து கிடக்கிறது.

பெயின்டுக்குள் இருக்கும் ஈயம்

அந்தக் காலத்துப் பெயின்ட் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் என்றதும் சிலர் ஈயச்சட்டியை நினைப்பீர்கள். அது வேறு. நாங்கள் சொல்வது காரீயம். பழைய கார் பேட்டரிக்குள் இருக்கும் தகடும், மீன் வலையில் கட்டும் குண்டும் அந்தச் சாமான்தான். பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கும், நிறம் மங்காமல் இருப்பதற்கும் அதைச் சேர்த்தார்கள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அது கூடுதலாக இருக்கும். மிகப் பழைய வெள்ளைப் பெயின்ட் சிலவற்றில் எடையில் பாதியளவு கூட ஈயம் இருந்ததுண்டு.

நமது நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் இதற்கு ஒரு விதி கொண்டு வந்தது. அது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனாமல் பெயின்டில் ஒரு கிலோவுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று அதில் வரையறுத்தார்கள். ஆகவே 2013க்கு முன் அடித்த பெயின்ட் எதுவானாலும் அதில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நமது லயத்துக் கதவுகள் எத்தனை பழசு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே இருப்பது புதுப் பெயின்டாக இருக்கலாம். ஆனால் அதற்கு அடியில் தாத்தா காலத்துப் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். மெஷின் அத்தனை அடுக்கையும் சேர்த்தே தூளாக்கும்.

முதலில் பாதிக்கப்படுவது பிள்ளை

சின்னப் பிள்ளை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். விழுந்த பிஸ்கட்டையும் எடுத்துத் தின்னும். வாய்க்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கைப் பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அது இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வராது, சொறி சிரங்கும் வராது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் படித்தது மனதில் நிற்காது. ஓரிடத்தில் உட்கார்ந்து கவனிக்க முடியாது. "இவனுக்குப் படிப்பு ஏறலை, மக்கு" என்று நாமே சொல்லிவிடுவோம். குறைந்த அறிவை மருந்து கொடுத்துத் திருப்பி எடுக்க முடியாது. இந்த அளவு ஈயம் உடம்புக்குப் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று எதற்காகக் கொழுந்து எடுக்கிறோம்? பிள்ளை நாலெழுத்துப் படித்து நல்லா வரணும் என்றுதானே? அந்தப் படிப்பை ஒரு கதவின் அழகுக்காக விட்டுக்கொடுக்கலாமா?

வயிற்றில் பிள்ளை இருக்கும் தாய்மாருக்கு இன்னும் கவனம் தேவை. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் அது திரும்பவும் இரத்தத்துக்கு வந்து, வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போகும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷாவையும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெஷினைப் பிடிக்கும் தம்பிமார்களுக்கு

கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் கம்பி பிரஷ்ஷின் கம்பி கழன்றால் ஊசி போல் வந்து கண்ணில் குத்தும். சாரமும் தளர்ந்த சட்டையும் அதில் சுற்றிக்கொள்ளும். பனியிலும் தூறலிலும் ஒட்டுப்போட்ட வயரை ஈரத் தரையில் இழுத்துப் போட்டு வேலை செய்தால் கரண்ட் அடிக்கும். முகத்தில் கைக்குட்டையைக் கட்டினால் பெரிய தூசிதான் நிற்கும். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத தூள். அந்தத் தூளோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கினால் அதற்கும் கொடுத்துவிடுகிறோம்.

புளோ லேம்ப், சூட்டு மெஷின் வைத்துப் பெயின்டைக் கருக்கி எடுப்பதும் வேண்டாம். சூடு கூடினால் ஈயம் புகையாகிவிடும். சிமெந்து பூசிய சுவரிலும் கருங்கல் சுவரிலும் கிரைண்டரைப் பிடித்தால் அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். கூரையில் உள்ள அஸ்பெஸ்டஸ் சீட்டில் எக்காரணம் கொண்டும் மெஷினை வைக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, பெயின்ட் உரியாமல் இறுக்கமாக ஒட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடியுங்கள். உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்டில் உள்ள ஈயத்தால் பொதுவாக ஆபத்து குறைவு. எண்ணெய்ப் பெயின்டின் பளபளப்பால் புதுப் பெயின்ட் பிடிக்காது என்றால், நனைத்த சாண்ட் பேப்பரால் கையாலேயே இலேசாகத் தேயுங்கள்.

இரண்டாவது, உரிந்திருக்கும் இடத்தை மட்டும் ஈரத்தோடு சுரண்டுங்கள். கழற்ற முடிந்த கதவைக் கழற்றி, லயத்துக்கும் பீலிக்கும் தூரமாகக் கொண்டு போங்கள். கீழே பெரிய பொலித்தீனை விரியுங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சுரண்டியால் எடுங்கள். காய்ந்தால் மறுபடி தெளியுங்கள். கரண்ட் மெஷினோடு தண்ணீரைச் சேர்க்கக்கூடாது. இந்த முறை கை வேலைக்கு மட்டும்தான்.

மூன்றாவது, வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஜன்னல் வேலை என்றால் உள்பக்கத்தைப் பொலித்தீனால் மூடி ஒட்டுங்கள். காய்ந்த துணி, தண்ணீர்க் குடம், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். வேலை செய்பவர் பார்மசியில் விற்கும் என் 95 முகமூடியும், கண்ணாடியும் போடுவது நல்லது. இடையில் வெற்றிலை, பீடி, தேத்தண்ணி எதுவும் கை கழுவாமல் கூடாது.

நான்காவது, முடிந்ததும் விளக்குமாறு போட்டுக் கூட்டாதீர்கள். தூள் மறுபடி கிளம்பும். ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள். சுரண்டியதையும் துடைத்த துணியையும் பொலித்தீனோடு சுருட்டி உரப்பையில் கட்டிவிடுங்கள். கானில் கொட்டினால் அது பீலிக்குப் போகும். மரக்கறித் தோட்டத்தில் கொட்டினால் மண்ணிலேயே கிடக்கும், கோழியும் கிளறும். பையை எங்கே போடுவது என்று நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். உடுத்திருந்த உடுப்பைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

இன்னொன்று. உளுத்துப்போன பழைய கதவையும் ஜன்னல் பலகையையும் பிளந்து அடுப்பில் வைக்கிறோம். விறகுக்குக் கஷ்டம்தான், எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பெயின்ட் அடித்த பலகையை அடுப்பில் வைக்காதீர்கள். ஈயம் பாதி புகையாகப் போனால் மீதி சாம்பலில் இருக்கும். அந்தச் சாம்பலால்தான் சட்டி பானை விளக்குகிறோம்.

கேட்பதற்கு உரிமை உண்டு

சில வேளைகளில் பிள்ளைக் காம்பராவையோ, பள்ளிக்கூடத்தையோ, லய வரிசையையோ திருத்த கொந்தராத்துக்காரர் மெஷினோடு வருவார். அப்போது மாதர் சங்கத் தலைவியும் தோட்டத் தலைவரும் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் காலத்துப் பெயின்ட்? தூளை உறிஞ்சிப் பிடிக்கும் வடிகட்டி மெஷினில் இருக்கிறதா? வேலை முடிந்து துடைத்துச் சுத்தம் செய்யும்வரை பிள்ளைகளை எங்கே வைப்பது? சாதாரண வீட்டு வெக்யூம் கிளீனர் போதாது. நுண்ணிய தூளை அது பின்பக்கமாக வெளியே ஊதிவிடும். பதில் சரியில்லை என்றால் நலன்புரி உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள்.

ஏற்கெனவே மெஷின் பிடித்த வீடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். இன்றைக்கே தரை, ஜன்னல் படி, இஸ்தோப்பு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாப்பிடுமுன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். பிள்ளை பெயின்ட் செதிலைத் தின்றிருந்தாலோ, அடிக்கடி வயிற்றுவலி, சோகை என்று இருந்தாலோ ஆஸ்பத்திரியில் வீட்டில் நடந்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈயம் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையால்தான் கண்டுபிடிக்க முடியும்.

வீட்டுக்குப் போய்க் கதவைப் பாருங்கள். உரியாத பெயின்டை விட்டுவிடுங்கள். உரிந்ததை நனைத்து எடுங்கள். கிரைண்டரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், கம்பி வெட்டும் வேலைக்கு உதவும். இன்றைக்கு வராத பக்கத்துக் காம்பரா அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள். லயத்தில் ஒரு வீட்டுத் தூள் எல்லா வீட்டுக்கும்தான் போகிறது.

எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துக்கள்.