கேட் திறந்திருந்தால் போதுமா?

 

நான் ஆனைக்குட்டத்துக்காரன். திருத்தங்கல் வழியாகச் சைக்கிளில் கல்லூரிக்கு வந்தவன். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தால், சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைந்தவர்களில் நானும் ஒருத்தன். அதனால் உபதேசம் செய்ய எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2025 ஜூலை 8, காலை நேரம். கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், தண்டவாளத்தைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். முதலில் ரயில்வே தரப்பு என்ன சொன்னது? கேட்கீப்பர் மூடப் போனார், வேன் டிரைவர்தான் வற்புறுத்திக் கடந்தார் என்றது. காயம்பட்ட டிரைவரோ, கேட் திறந்தேதான் இருந்தது என்றார். யாரை நம்புவது?

இன்டர்லாக்கிங் உள்ள கேட் என்றால், மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். செம்மங்குப்பத்தில் அப்போது அது இல்லை. அங்கே எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்பார். மூடியாச்சு என்பதற்கு அடையாளமாகக் கேட்கீப்பர் ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அந்தப் பேச்சு பதிவாகும். கேட்டை மூடாமலேயே எண் கொடுக்கப்பட்டது விசாரணையில் தெரியவந்தது. கேட்கீப்பர் கைதானார். அதன் பிறகு எல்லா கேட்டுகளிலும் கேமரா வைக்க உத்தரவானது.

விபத்துக்குப் பின் பேசுகிறவர் பயத்தோடு பேசுகிறார். விபத்துக்கு முன்பே பதிவானதற்குப் பயம் கிடையாது. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அதற்காக டிரைவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். 'இறங்குறதுக்குள்ள போயிரலாம்' என்று வண்டியை விடுவார்கள். 1989 ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவின்படி, மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் 3 ஆண்டு வரை சிறை. உடைத்தால் 5 ஆண்டு வரை. ரயில் பெரிய உருவம். அதனால் தூரத்தில் மெதுவாக வருவதுபோல் தோன்றும். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 28 மீட்டர்! கண் ஏமாறும்.

ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு. அகலப் பாதையில் அத்தகைய கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. நல்ல காரியம்தான். ஆனால் இறங்கிப் பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது. சிவப்பு எரியவில்லை என்பது ரயில் வரவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

நம் பக்கம் விடியுமுன்னே பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களைப் பார்க்கிறோம். உள்ளே இருப்பது நம் அக்கா, மதினிமார்தான். கேட் திறந்திருந்தாலும் வண்டியை நிறுத்துங்கள், பாட்டை அணையுங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். எங்கேயாவது விபத்து என்று கேட்டால், 'டிரைவர்தான் காரணம்' என்று தீர்ப்புச் சொல்லுமுன், பதிவு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.