பின்பக்கம் தெரியட்டும்

மேலூரிலிருந்து வந்து பேசுகிறேன். தையல், பூவேலை, ஒயர் கூடை என்று கைவேலை சொல்லிக்கொடுப்பது என் தொழில். கைவேலை ஆல்பம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தையல் பரீட்சை எழுதியவர்கள் வீட்டுப் பரணில் அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் இருக்கும். சங்கிலித் தையல், காஜா, ஒட்டுப்போடுவது என்று பக்கத்துக்கு ஒரு சாம்பிள் துணி.

இப்போது ஸ்கிராப்புக் மோகம் வந்திருக்கிறது. ஜிகினா, ஸ்டிக்கர், முத்து, ரெடிமேட் பூ எல்லாம் செட்டாகவே கடையில் கிடைக்கின்றன. பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் பக்கத்தில் இத்தனையும் இருக்கின்றன. அவர்கள் கையால் போட்ட பூவேலை மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. எனக்கு மனசு ஆறுவதில்லை. பக்கத்தை அலங்கரிப்பது ஒரு வேலை. செய்த வேலையைக் காட்டுவது வேறு வேலை. ஆல்பம் இரண்டாவதற்குத்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பின்பக்கம் தெரிய வேண்டும். எனக்குத் தையல் சொல்லித்தந்த டீச்சர் துணியைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். நூலை எங்கே தொடங்கினோம், எங்கே முடித்தோம், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை இழுத்துக்கொண்டே போய்விட்டோமா, எல்லாம் அங்கேதான் தெரியும். துணி முழுவதையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் போயே போயிற்று. அதனால் ஒட்டாதீர்கள், தையுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் நான்கைந்து தையல் போதும். காலண்டர் தாளைப் போலத் தூக்கிப் பார்க்கலாம். பசை துணியை விறைக்க வைக்கும். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். செல்லோ டேப் சில வருஷத்தில் பழுப்பேறிக் கழன்றுவிடும். ஆல்பம் வைக்கிற பெட்டியில் வசம்புத் துண்டு ஒன்று போட்டுவையுங்கள்.

ஆல்பத்தில் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி சுங்குடிப் பக்கம்தான். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை அது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் அவிழ்ப்பார்கள். சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது; அங்கே புள்ளி விழும். இன்று சுங்குடி என்ற பெயரில் மெழுகு அச்சுத் துணியும் ஸ்கிரீன் பிரிண்டும் ஏராளமாக விற்கின்றன. இஸ்திரி போட்ட துண்டு ஒன்றை மட்டும் ஆல்பத்தில் வைத்தால், பார்க்கிறவர் அதையும் அச்சு என்றே நினைத்துவிடுவார். ஆகவே மூன்று துண்டு வையுங்கள். கட்டி முடித்த வெள்ளைத் துணி ஒன்று. சாயம் ஏறி, இன்னும் அவிழ்க்காதது ஒன்று. மூன்றாவதில் பாதிக் கட்டை அவிழ்த்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டுவிடுங்கள். இஸ்திரி மட்டும் போடாதீர்கள். புள்ளியின் நடுவில் எழும்பி நிற்கிறதே சுருக்கம், அதுதான் கை வைத்ததற்கு அடையாளம்.

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி செய்த இப்படியொரு பக்கத்தை, இளவயதில் சுங்குடி கட்டிய ஒரு பாட்டியிடம் காட்டினோம். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "இந்த வரிசையிலே இறுக்கம் பத்தாதும்மா, சாயம் உள்ளே போயிருக்கும்" என்றார். அவிழ்த்துப் பார்த்தோம். புள்ளி கலங்கித்தான் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய எந்தப் பக்கத்தை அப்படித் தடவிப் படிக்க முடியும்?

ஒயர் கூடையை ஆல்பத்தில் எப்படி வைப்பது என்று கேட்பார்கள். கூடைக்குப் போட்டோ போதும். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவன் கண் முடிச்சைப் பின்னி, கடைசி முடிச்சை முடிக்காமல் விட்டு வையுங்கள்.

துணித் துண்டுகளால் ஆல்பம் போடுவது சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லை. 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக்கினார். மொத்தம் 20 செட். அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இங்கே எது விற்கும் என்று பார்த்து அங்கே ஆலையில் நெய்வதற்கான ஏற்பாடு அது. ஊர், நீளம், அகலம் என்று குறித்துவைத்தார்கள். நெய்தவர் பெயரைக் குறிக்கவில்லை.

நீங்கள் பெயரைக் குறியுங்கள். யார் செய்தது, யாரிடம் கற்றது, எந்தத் தேதி என்று பின்பக்கத்தில் எழுதுங்கள். சுங்குடி கட்டத் தெரிந்த பெரியவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, சாயத்துக்குப் போகுமுன் கட்டிவைத்த துணியில் கையகலம் கேட்டு வாங்கி வாருங்கள். காசு கொடுத்து வாங்குங்கள். அவிழ்த்துவிடாதீர்கள்.